‘அந்தச் செத்த பொண்ணு விஷயம் என்னாச்சு?’: ‘டூம்லாண்ட்’ நாவலை அம்மாவுக்குச் சொன்ன மழைக்காலம்

ஊட்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்த நாவலைக் கையில் எடுத்தபோது முதலில் தெரிந்தது அதன் கனம்தான். 800 பக்கத்துக்கு மேல். எழுத்து பொடி. முதுகு ஏற்கெனவே ஒரு இடத்தில் விட்டிருந்தது. கடைக்காரர் 300 ரூபாய் சொன்னார், 250-க்குக் கொடுத்தார். பின்னட்டையில் ‘1549’ என்றும் ‘வக்கீல்’ என்றும் இருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். குன்னூரில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் 26 வருஷம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவள் நான். பிராது, எதிருரை, பிரமாணப் பத்திரம், கலெக்டர் ஆபீசுக்கு மனு என்று அடித்து அடித்தே விரல் நுனி காய்த்துப் போயிற்று. வக்கீல் துப்பறிகிற கதை என்றால் எனக்கு வேறு யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை.

சி. ஜே. சான்சம் எழுதிய ‘டூம்லாண்ட்’ 2018-ல் வந்தது. மேத்யூ ஷார்ட்லேக் என்ற லண்டன் வக்கீலை வைத்து அவர் எழுதிய ஏழாவது நாவல், அதுவே கடைசியும் ஆகிவிட்டது. 2024 ஏப்ரலில் சான்சம் காலமானார். அவருக்கு வயது 71. ஷார்ட்லேக் கதை தொலைக்காட்சித் தொடராக வெளிவர அப்போது சில நாள்கள்தான் இருந்தன. முந்தைய ஆறையும் படிக்காமல் நேரே இதில் இறங்கினேன். தடுமாற்றம் இல்லை. பழைய கதையில் தெரிய வேண்டியதை அங்கங்கே சொல்லிவிடுகிறார்.

நவம்பர் மழையில் படித்தேன். மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றிருந்த வாரம். சாயங்காலம் ஐந்து மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிடும், கரண்டும் போய்விடும். அம்மாவுக்கு 77 வயது, கண் புரை. டிவியும் இல்லாத அந்த நேரத்தில், “என்ன புள்ள படிக்கிற, எனக்கும் சொல்லு” என்றார். அன்றைக்குப் படித்ததை எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அம்மாவுக்குத் தமிழில் சொல்வது வழக்கமாயிற்று. ஆகையால் இந்த நாவலைப் பற்றி நான் சொல்வதில் பாதி அம்மா சொன்னது.

கதை இப்படித் தொடங்குகிறது. எட்டாம் ஹென்றி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. சிம்மாசனத்தில் 11 வயதுப் பையன், ஆட்சி அவன் மாமன் சாமர்செட் கையில். பின்னாளில் ராணியாகப்போகும் எலிசபெத்துக்கு அப்போது 15 வயது. அவளுக்குத் தூரத்து உறவான ஜான் பொலின் என்பவருடைய மனைவி எடித், நார்போக் பகுதியில் கோரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுக் காணாமல் போனவள் அவள். செத்துவிட்டாள் என்று எல்லாரும் முடிவு கட்டி, புருஷன் இன்னொருத்தியைக் கட்டியும் ஆயிற்று. இப்போது கொலைப்பழி புருஷன் மேல். உண்மை என்ன என்று பார்த்து வர எலிசபெத் ஷார்ட்லேக்கை நாரிச் நகரத்துக்கு அனுப்புகிறாள்.

இந்த இடத்தில் அம்மா கேட்ட முதல் கேள்வி: “அந்த ஒம்போது வருசம் அவ எங்க இருந்தா? என்னத்த சாப்பிட்டா?”

துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. யார் கொன்றது என்பதைவிட இதுதான் என்னையும் பக்கம் புரட்ட வைத்தது. கதை தொடங்கும்போதே எடித் இறந்தாயிற்று. அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் மற்றவர்கள் வாயால்தான்: புருஷன், அப்பா, மகன்கள், வேலைக்காரர்கள். ஆளுக்கு ஒரு எடித்தைச் சொல்கிறார்கள். சாட்சி வாக்குமூலம் டைப் அடித்த எவருக்கும் இது தெரியும். ஒரே ஆளைப் பற்றி ஐந்து பேர் சொன்னால் ஐந்து ஆள் கிடைப்பார்.

முதல் முந்நூறு பக்கம் அருமையான துப்பறியும் கதை. கொலை வழக்கு விசாரணை வருகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வக்கீல் வாதாட முடியாது. அவனே பேச வேண்டும். ஒரே நாளில் வரிசையாக எத்தனையோ பேரை நிறுத்தி, சில நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லித் தூக்குக்கு அனுப்பினார்கள். ஷார்ட்லேக் அவ்வளவு படித்தும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். சான்சம் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர், சொலிசிட்டர் என்ற வகை வக்கீலாக வேலை பார்த்தவர். நீதிமன்றத்துக்குள் வரும் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது. யார் எங்கே நிற்பார்கள், எந்தக் காகிதம் யார் கைக்கு முதலில் போகும், எப்போது எல்லாரும் சோர்ந்து போவார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவருக்கு மட்டுமே வரும். ஷார்ட்லேக்கின் பழைய உதவியாளர் பாராக் ஒரு கையை இழந்தவர், அங்கே வழக்குக் காகித வேலை செய்து பிழைக்கிறார். அவர் வரும் பக்கங்களை நான் இரண்டு தடவை படித்தேன்.

அப்புறம் கலவரம் வெடிக்கிறது.

இது நடந்த வரலாறு. 1549 ஜூலையில் விண்டம் என்ற ஊரில் திருவிழாக்கூட்டம் வேலிகளைப் பிடுங்கப் புறப்பட்டது. ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தைப் பெரிய நிலக்காரர்கள் வேலி போட்டு அடைத்து, கம்பளிக்காக ஆடு வளர்த்தார்கள். ஆட்டுக்கு ஆள் வேண்டாம். உழுகிற குடும்பங்கள் வெளியே போயின. அதோடு அரசாங்கம் நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக் குறைத்து அடித்ததில் விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. கூட்டம் ராபர்ட் கெட் என்பவருடைய வேலியைப் பிடுங்கவும் வந்தது. அவரும் வசதியான நிலக்காரர்தான், வயது ஐம்பதைத் தாண்டியவர். அவர் எதிர்க்கவில்லை. நீங்கள் சொல்வது நியாயம் என்று தன் வேலியைத் தானே பிடுங்க உதவி செய்து, அவர்களுக்குத் தலைவரும் ஆனார். ஜூலை 12-ல் நாரிச் நகரத்தை ஒட்டிய மவுஸ்ஹோல்ட் மேட்டில் முகாம் போட்டார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 16,000 பேர் என்கிறார்கள். அப்போது நாரிச் இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரம். அந்த நகரத்து ஜனத்தொகையைவிட மேட்டு மேலே கூட்டம் அதிகம்.

அம்மாவுக்கு முகாம் விளங்கியது, விலைவாசி விளங்கியது. ஆடு எப்படி மனிதனைத் துரத்தும் என்பதுதான் விளங்கவில்லை. ஊட்டி, கூடலூர் ரோட்டில் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கத்துப் புல்வெளிகளையும், தோடர் எருமை மேய்ந்த மேடுகளில் சீகை மரமும் கற்பூர மரமும் வைத்ததில் புல் போனதையும் சொன்னேன். அம்மா உடனே, “நம்ம தோட்டமும் காட்ட வெட்டித்தானே வச்சாங்க” என்றார். உண்மைதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டம் வந்தது, அதுவும் வன நிலத்தில். 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தது எங்கள் குடும்பம். எனக்கு அப்போது இரண்டு வயது. எங்களுக்குச் சோறு போட்ட தேயிலை நிற்பது யாரோ மேய்த்த, யாரோ விறகு பொறுக்கிய நிலம். இந்த நாவல் அதை என்னை நினைக்க வைத்தது. நூறு பக்கத்துக்கு நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

அம்மா மிக வேகமாகக் கதாபாத்திரங்களுக்குத் தன் பெயர் வைத்துவிட்டார். நிலக்காரப் பிரபுக்கள் எல்லாரும் துரைமார். அவர்களுடைய காரியஸ்தன் கங்காணி. ஓக் மரத்தடியில் கெட் கூட்டம் கூட்டும் இடம் பெரட்டுக்களம், அதாவது தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். விலைவாசி பற்றிச் சொன்ன அன்று, இலங்கையில் சிறிமாவோ ஆட்சிக் காலத்துப் பஞ்சத்தில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நின்றதையும் மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்ததையும் ஒரு மணி நேரம் சொன்னார். அன்றைக்கு நாவல் நகரவில்லை.

சரி, நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்த ஓக் மரத்தடியில். சீர்திருத்த மரம் என்று அதற்குப் பெயர். பிடித்து வந்த நிலக்காரர்களை அங்கே நிறுத்தி விசாரிக்கிறார்கள். சுற்றிலும் பல வருஷக் கோபத்தோடு ஆயிரக்கணக்கான பேர். ஷார்ட்லேக் முகாமில் கைதியைப் போல வந்து சேர்ந்தவர். சட்டம் தெரிந்தவர் என்பதால் கெட் அவரைப் பக்கத்தில் வைத்து ஆலோசனை கேட்கிறார். ஷார்ட்லேக் சொல்வது ஒன்றுதான்: சாட்சி வேண்டும். இவன் கெட்டவன் என்று ஊரே கத்தினால் போதாது. இவன் என்ன செய்தான், யார் பார்த்தது, அதைச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. நம் வழக்கில் எந்த வக்கீல் சாட்சி கேட்டான் என்று திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியும் நியாயம். இரண்டு நியாயமும் மோதும்போது சான்சம் யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் நிற்கிறார். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

வாய்தா வாய்தா என்று வருஷக்கணக்கில் அலைந்த கூடலூர் ஜன்மம் நிலக்காரர்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்மம் என்ற பழைய நிலவுரிமையை ஒழிக்க 1969-ல் போட்ட சட்டம், அதில் 17-வது பிரிவு. அந்தப் பிரிவு எண்ணை நான் எத்தனை காகிதத்தில் அடித்தேன் என்று கணக்கில்லை. அப்பா பெயரில் தொடங்கிய வழக்கை மகன் பெயரில் மாற்றி அடித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என் எதிரில் குரலை உயர்த்தியதில்லை. ஓக் மரத்தடிக் கூட்டத்தின் கோபத்தைப் படித்தபோது, அந்த பெஞ்சில் அமைதியாக டீ குடித்த முகங்கள்தான் வந்தன.

கெட்டின் கூட்டம் அரசுக்கு 29 கோரிக்கைகள் எழுதி அனுப்பியது. அந்த மனு இன்றைக்கும் இருக்கிறது. கெட்டோடு நாரிச் மேயரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெரும்பாலான கோரிக்கைகள் ‘வேண்டுகிறோம்’ என்றே தொடங்கும். ஆறுகளில் மீன் பிடிக்க எல்லாருக்கும் உரிமை வேண்டும். குத்தகையை ஏழாம் ஹென்றி காலத்து அளவுக்குக் குறைக்க வேண்டும். பொது மேய்ச்சலில் நிலப்பிரபுக்கள் தங்கள் ஆடுமாடுகளை விடக்கூடாது. ஆயிரம் மனு அடித்த எனக்கு அந்த நடை உடனே பிடிபட்டது. கோபம் முழுவதும் உள்ளே இருக்கும், எழுத்தில் பணிவு மட்டும் தெரியும். அதில் ஒன்று: கடவுள் தம் விலையுயர்ந்த இரத்தத்தைச் சிந்தி எல்லாரையும் விடுதலையாக்கினார், ஆகவே அடிமைக்குடிகள் எல்லாரும் விடுவிக்கப்பட வேண்டும். இதை அம்மாவுக்கு மெதுவாகச் சொன்னேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அவர். அவர் பிறந்த 1948-ல்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் போட்டு எங்கள் ஆட்களை எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆக்கினார்கள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “திருப்பிச் சொல்லு” என்றார். சொன்னேன்.

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். குறை பெரியது.

முகாமுக்குள் போனதும் கொலைக்கதை காணாமல் போகிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான் தினமும் படித்த கணக்கில் பன்னிரண்டு நாள். நகரத்தைப் பிடிக்கிறார்கள். நார்தாம்ப்டன் பிரபு படையோடு வருகிறார், ஆகஸ்ட் 1-ல் தெருச் சண்டையில் தோற்று ஓடுகிறார். பிறகு வாரிக் பிரபு ஜெர்மன் கூலிப்படையோடு வருகிறார். இடையே எடித்தைக் கொன்றது யார் என்ற கேள்வி அங்கங்கே தலையைக் காட்டிவிட்டு மறைகிறது. அம்மா ஒவ்வொரு ராத்திரியும் கம்பளியை இழுத்துக்கொண்டு கேட்பார்: “அந்தச் செத்த பொண்ணு விஷயம் என்னாச்சு?” நான், இன்னும் வரவில்லை அம்மா என்பேன். “அவளை எல்லாரும் மறந்துட்டாங்க போல” என்பார்.

அம்மா சொன்னது நாவலாசிரியருக்கு எதிரான சரியான வழக்கு. ஊரே எரியும்போது ஒரு பெண்ணின் சாவு சின்னதாகிப் போவதுதான் நிஜம் என்று அவருக்காக வாதாடலாம். நானும் அம்மாவிடம் அப்படித்தான் வாதாடிப் பார்த்தேன். ஆனால் அந்தச் சாவைத் தேடத்தானே ஷார்ட்லேக் புறப்பட்டது? அவராவது மறக்காமல் இருந்திருக்க வேண்டும். நடுப்பகுதியில் 150 பக்கம் குறைத்து, அந்த இடத்தில் எடித்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தால் இது வேறு உயரத்துக்குப் போயிருக்கும். கடைசியில் கொலையாளி யார் என்பது அவசரமாக வருகிறது. இத்தனை பக்கம் காத்திருந்ததற்கு அது போதவில்லை. யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. முகாமில் ஆட்கள் பொருளாதாரம் பேசும்போது சில இடங்களில் பாடப்புத்தக வாசம் அடிக்கிறது. கெட்டின் மேல் சான்சமுக்கு இருக்கும் பாசமும் தெரிகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை, ஆனால் கெட்டிடம் இன்னும் கொஞ்சம் தவறு இருந்திருந்தால் நம்ப எளிதாக இருந்திருக்கும்.

சின்னப் பாத்திரங்களில்தான் அவர் கை அழகு. டோபி லாக்ஸ்வுட் என்று ஒரு உள்ளூர்க்காரன், ஷார்ட்லேக்குக்கு உதவிக்கு வந்தவன், கலவரத்தில் முழு மனதோடு சேர்கிறான். ஷார்ட்லேக்கின் உதவியாளன் நிக்கோலஸ் மேல்குடிப் பையன். இவர்கள் இரண்டு பேருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில், இருவருமே நல்லவர்களாக இருந்தும் ஒருவரை ஒருவர் வெறுத்துப் போவது படிப்படியாக நடக்கிறது. சைமன் என்ற பையன் வருகிறான். ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிந்து துரத்தும் பிள்ளை அவன். குதிரைகளிடம் மட்டும் அமைதியாக இருப்பான், அழகாகப் பாடுவான். அம்மா தினமும் அவனை விசாரிப்பார். எங்கள் லயத்து வரிசையிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்ததாகச் சொன்னார். ஷார்ட்லேக்கின் கூன் முதுகு வலியையும் சான்சம் மறப்பதே இல்லை. குதிரைப் பயணம், தரையில் படுக்கை, குனிந்து எழுதுவது என்று ஒவ்வொன்றுக்கும் அந்த முதுகு விலை கொடுக்கிறது. நாற்காலியில் குனிந்தே 26 வருஷம் இருந்த என் முதுகுக்கு அது தெரிந்தது.

முடிவு வரலாற்றில் இருப்பதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 27-ல் டஸ்ஸின்டேலில் கலகக்காரர்கள் நொறுக்கப்பட்டார்கள். செத்தவர்கள் சுமார் 3,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. டிசம்பர் 7-ல் கெட்டை நாரிச் கோட்டைச் சுவரில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். கூடவே நின்ற அவர் அண்ணன் வில்லியமை விண்டம் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அந்தப் போர்ப் பக்கங்களை நான் அம்மாவுக்குச் சுருக்கித்தான் சொன்னேன். நாவலின் பின்னால் கெட் கலகத்தைப் பற்றி ஒரு நீண்ட வரலாற்றுக் கட்டுரை இருக்கிறது. அதைத் தவிர்க்காதீர்கள். கலவரத்தை அடக்கியவர்கள் எழுதி வைத்த காகிதத்திலிருந்து அடக்கப்பட்டவர்களை எப்படித் தேடி எடுத்தார் என்று அதில் தெரிகிறது.

400 வருஷம் கழித்து, 1949-ல், நாரிச் மக்கள் அதே கோட்டையில் கெட்டுக்கு ஒரு கல்வெட்டு வைத்தார்கள். அவருக்குச் செய்ததற்குப் பரிகாரமாகவும் மரியாதையாகவும் வைக்கிறோம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இதைச் சொன்ன அன்று மழை விட்டிருந்தது. அம்மா, “கல்லுல அவரு பேரு மட்டும்தானா? கூட செத்தவங்க?” என்று கேட்டார்.

யார் படிக்கலாம் என்றால், சரசரவென்று ஓடும் துப்பறியும் கதை வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம். பாதியில் விட்டுவிடுவீர்கள். மனு எழுதியவர்கள், மனுவுக்குப் பதில் வராமல் இருந்தவர்கள், நிலத்துக்காக நீதிமன்ற வாசலில் உட்கார்ந்தவர்கள் பொறுமையாகப் படியுங்கள். ஆங்கிலம் கடினமில்லை. பழைய சொற்கள் கொஞ்சம்தான், இடம் பார்த்துப் பொருள் தெரிந்துவிடும். கண் பலவீனமானவர்கள் இந்தப் பொடி எழுத்துப் பதிப்பை வாங்க வேண்டாம். மின்நூலாக வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

என் பிரதி முதுகு முழுவதும் விட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பைண்டிங் செய்பவரிடம் கொடுத்து, கலவரம் தொடங்கும் இடத்தில் வெட்டி இரண்டு பாகமாகக் கட்டி வாங்கினேன். ஒன்று கொலை, ஒன்று கலவரம். அம்மா முதல் பாகத்தை மட்டும் தலைமாட்டில் வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாது. எடித் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன்.